மன்னன் வைத்த காவலும் மக்கள் வைத்த காவலும்

தோற்றுப்போன மன்னன் ஒருவன். தலைநகரை விட்டுப் புறப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. பொல்ட்டாவா களத்திலே, 1709ஆம் ஆண்டு, ரஷ்யப் பேரரசன் பீட்டரிடம் பெரும் படையைப் பறிகொடுத்தவன். எஞ்சிய சிலருடன் துருக்கி சுல்தானின் நிழலிலே ஒதுங்கியவன். விருந்தாளியாக வந்து, நாளாக நாளாகக் கைதிபோல் ஆகிவிட்டவன். சுவீடன் நாட்டு வேந்தன் பன்னிரண்டாம் சார்லஸ்தான் அவன். ஏட்ரியானோப்பிள் நகருக்கு அருகே திமுர்த்தாஷ் என்னும் ஊரிலே தங்கியிருந்த அந்த மன்னன், 1713ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள், ஓர் ஆணையிலே ஒப்பமிட்டான்.

நீதிபதிகளும் அதிகாரிகளும் வரி தண்டுவோரும் சட்டப்படி நடக்கின்றனரா என்று கண்காணிக்க, மன்னனின் சார்பிலே ஒருவர் அமர்த்தப்படுகிறார் என்றது அந்த ஆணை. தலைமை ஆம்புட்ஸ்மன் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். ஆம்புட்ஸ்மன் என்றால் சுவீடன் மொழியிலே, பிறர் பொருட்டு நின்று செயலாற்றுபவர், பதிலாள் என்று பொருள்.

யாருக்குப் பதிலாள்? இந்த ஒரு கேள்விதான் பின்வந்த மூன்று நூற்றாண்டுகளின் வரலாற்றையே நடத்திச் சென்றது என்று நாம் கூறுவோம். 1713இலே அவர் மன்னனுக்குப் பதிலாள். நெடுந்தொலைவிலே கிடந்த மன்னனுக்குக் கண் தேவைப்பட்டது, காது தேவைப்பட்டது. குடிகள் படும் துயர் தாளாமல் பிறந்த பதவியன்று அது. தன் ஊழியர் தன்னை ஏய்த்துவிடுவரோ என்ற ஐயத்திலே பிறந்த பதவி. எனினும், வித்து விழுந்தது. யார் விதைத்தார் என்பதைவிட, பின்னர் யார் கைக்கு அந்த வயல் மாறியது என்பதே நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

மணியின் கதை

ஆராய்ச்சி மணிக் கதையை அறியாத தமிழர் இல்லை. கன்றை இழந்த பசு கயிற்றை இழுக்கிறது, மணி ஒலிக்கிறது, மன்னன் வருகிறான், மகனையே தேர்க்காலில் இட்டு முறை செய்கிறான். புலவர்கள் புகழ்ந்தனர், பள்ளிப் பிள்ளைகள் படித்தனர், மேடைகளிலே நாமும் கேட்டு மெய்சிலிர்த்தோம். ஆனால் பகுத்தறிவு ஒரு கேள்வியைக் கேட்காமல் இராது. மணி யார் வாயிலில் கட்டப்பட்டிருந்தது? அரசன் வாயிலில். ஒலித்த மணிக்கு விடையளிப்பதா வேண்டாவா என்று முடிவு செய்தவன் யார்? அதே அரசன். மன்னன் நல்லவன், ஆகவே நீதி கிடைத்தது. மன்னன் நல்லவனாக இல்லாதிருந்தால்? கயிற்றை அறுத்தெறிந்திருந்தால்? கதையிலே அதற்கு விடை இல்லை.

சுவீடனின் மணிக்கும் அந்தக் கதிதான் நேர்ந்தது. 1718ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், நார்வே நாட்டுக் கோட்டை ஒன்றின் முற்றுகையிலே சார்லஸ் மாண்டான். மன்னராட்சியின் பிடி தளர்ந்தது. பாராளுமன்றத்தின் கை ஓங்கியது. பிரபுக்கள், பாதிரிமார், நகரத்தார், உழவர் என நான்கு வகுப்பார் தனித்தனியே கூடிய மாமன்றம் அது. 1719இலே தலைமை ஆம்புட்ஸ்மன் பதவிக்கு நீதிப் பேராளர் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறிற்று, வேலை மாறவில்லை, எசமானும் மாறவில்லை. மேலிடத்தின் ஆள்தான் அவர்.

1766ஆம் ஆண்டிலே இரண்டு மாறுதல்கள் நிகழ்ந்தன. நீதிப் பேராளரை இனி நாமே தேர்ந்தெடுப்போம் என்று மாமன்றம் துணிந்தது ஒன்று. மற்றொன்று அதனினும் பெரிது. அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், அச்சுச் சுதந்திரச் சட்டம் நிறைவேறிற்று. எழுதுவோர்க்கு உரிமை தந்ததோடு நில்லாமல், அரசாங்க அலுவலகங்களின் ஏடுகளைக் குடிமகன் கேட்டுப் பெறலாம், படிக்கலாம், அச்சிடலாம் என்று கூறிய சட்டம். உலகிலே இவ்வகையில் முதற்சட்டம். இதற்குப் பாடுபட்டவர்களில் முன்னின்றவர் ஆண்டர்ஸ் கிடேனியஸ். அன்று சுவீடனுக்கு உட்பட்டிருந்த பின்லாந்துப் பகுதியின் ஓர் ஏழைத் திருச்சபையிலே பணியாற்றிய பாதிரியார் அவர். மறுமையைப் பேச வேண்டிய அங்கியை அணிந்துகொண்டு, இம்மையின் உரிமைக்கு வாதாடியவர். எந்த அங்கிக்குள்ளிருந்து வந்தாலும் அறிவு அறிவுதான், நாம் மறுக்கவில்லை.

ஆறே ஆண்டுகள்! 1772ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மூன்றாம் குஸ்தாவ் மன்னன் படைபலத்தால் மாமன்றத்தை அடக்கினான். நீதிப் பேராளரை நியமிக்கும் உரிமை அரண்மனைக்குத் திரும்பிற்று. அச்சுச் சுதந்திரமும் 1774இலே முடமாக்கப்பட்டது. காவற்காரனை மீண்டும் எசமான் எடுத்துக்கொண்டான். ஏடுகளின் கதவையும் சாத்திக்கொண்டான். இரண்டும் ஒரே கையால் நடந்தன. இதிலே வியப்பில்லை. குறை கேட்பவரும் வேண்டாம், குற்றத்தைக் காட்டும் ஏடும் வேண்டாம் என்பது எதேச்சாதிகாரத்தின் இரட்டைப் பல்லவி அல்லவா? 1792இலே, முகமூடி நடன விழாவொன்றில் அந்த மன்னன் சுடப்பட்டு, சில நாட்களில் மாண்டான். மாமன்றம் இழந்த உரிமை அதனால் திரும்பி வந்துவிடவில்லை. ஆளை வீழ்த்தினால் முறை வீழ்ந்துவிடாது.

1809

மகன் பட்டத்துக்கு வந்தான்: நான்காம் குஸ்தாவ் அடால்ஃப். பக்தி மிகுந்தவன், பிடிவாதம் அதனினும் மிகுந்தவன். ஐரோப்பாவை ஆட்டிப் படைத்த நெப்போலியனை, விவிலியத்தின் கடைசி நூலிலே கூறப்படும் விலங்கின் வடிவமாகவே கருதியவன். நாட்டின் படைபலம் எவ்வளவு, கருவூலத்திலே இருப்பது எவ்வளவு, துணைக்கு வரக்கூடியவர் யார் என்று கணக்கெடுக்க வேண்டிய நேரத்திலே, வேத வாக்கியத்துக்குப் பொருள் தேடிய மன்னன்! விளைவு என்ன? 1808ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ரஷ்யப் படை பின்லாந்திலே புகுந்தது. பெருங்கோட்டையான ஸ்வேபோர்க் அதே ஆண்டு மே திங்களில் சரணடைந்தது. ஆறு நூற்றாண்டுக்கு மேலாகச் சுவீடனோடு இணைந்திருந்த பின்லாந்து பறிபோயிற்று. நாட்டின் பரப்பிலே மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

1809 மார்ச்சு 13ஆம் நாள், ஸ்டாக்ஹோம் அரண்மனையிலே படைத்தலைவர் சிலர் மன்னனைக் கைது செய்தனர். அந்த நாட்டுக்கு அரண்மனைப் புரட்சி புதிதன்று. ஆனால், இம்முறை அவர்கள் வழக்கமான வரிசையை மாற்றினார்கள். முதலிலே அரசியல் சட்டம், பிறகுதான் அரசன் என்றனர். சில வாரங்களிலே சட்டம் வரையப்பட்டது. ஜூன் 6ஆம் நாள் அது ஏற்கப்பட்டது. அன்றே, வீழ்ந்த மன்னனின் சிறிய தந்தை பதின்மூன்றாம் சார்லஸ் என்ற பெயரோடு அரியணை ஏறினார். கட்டு முதலில், கட்டுக்குள் நிற்க வேண்டியவர் அடுத்து!

அந்தச் சட்டத்தின் 96ஆம் பிரிவுதான் நம் கட்டுரையின் நாயகம். சட்ட அறிவும் சிறந்த நேர்மையும் உடையவர் என்று பெயர் பெற்ற ஒருவரை மாமன்றமே தேர்ந்தெடுக்கும். நீதிபதிகளும் அதிகாரிகளும் சட்டத்தைப் பின்பற்றுகின்றனரா என்று, மாமன்றத்தின் பதிலாளாக நின்று, அவர் கண்காணிப்பார் என்றது அப்பிரிவு. நீதி ஆம்புட்ஸ்மன் என்பது பதவியின் பெயர். மன்னனின் நீதிப் பேராளர் பதவியை அவர்கள் ஒழித்துவிடவில்லை. அது இன்றளவும் இருக்கிறது. அரசின் கண் ஒருபுறம் இருக்கட்டும், மக்கள் மன்றத்தின் கண் மறுபுறம் இருக்கும் என்றனர். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பவில்லை என்பதிலே அவர்களின் நுண்ணறிவு விளங்குகிறது.

1810ஆம் ஆண்டு முதல் ஆம்புட்ஸ்மனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லார்ஸ் அகஸ்டின் மானர்ஹைம். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தவரே அவர். 1823 வரை அப்பதவியிலே இருந்தார். பின்வந்தவர்கள் வழிவழியாக நீதிமன்றங்களுக்கும் சிறைகளுக்கும் நேரிலே சென்றார்கள், குறிப்பேடுகளைப் புரட்டினார்கள், விசாரணையின்றி அடைக்கப்பட்டவர் உண்டா, தீர்ப்பு வந்த பின்னும் விடுவிக்கப்படாதவர் உண்டா, ஆண்டுக்கணக்கில் தூங்கும் வழக்கு உண்டா என்று கேட்டார்கள். 1809ஆம் ஆண்டு அரசியல் சட்டம் 1974 வரை உயிரோடிருந்தது. புதிய சட்டம் வந்தபோதும் இந்தப் பதவி அதிலே இடம் பெற்றது.

ஆயுதம் எது?

இத்தகைய பதவியிலிருப்பவர் கையிலே என்ன ஆயுதம் உண்டு என்று வாசகர் கேட்கக்கூடும். தீர்ப்பை மாற்ற அவரால் இயலாது. அதிகாரியின் ஆணையை நீக்கவும் இயலாது. அமைச்சர்கள் அவருடைய கண்காணிப்புக்கு உட்பட்டவர் அல்லர்; பாராளுமன்ற உறுப்பினரும் அல்லர். பிறகென்ன இருக்கிறது?

ஏடு இருக்கிறது. எந்த அலுவலகத்தின் எந்தக் கோப்பையும், மறைவானது என்று முத்திரையிட்டதையும்கூட, அவர் கேட்டுப் பெறலாம். கேட்ட விளக்கத்தை அதிகாரி தந்தே தீர வேண்டும். கடமை தவறிக் குற்றம் புரிந்த அதிகாரி மீது வழக்குத் தொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. இக்காலத்திலே அந்த வாளை அவர் உறையிலிருந்து எடுப்பது அரிது. பெரும்பாலும் அவர் செய்வது, நடந்தது தவறு என்று காரணங்களோடு எழுதி வெளியிடுவதுதான். எழுதியது நாடறியும். செய்தித்தாள் நிருபர் வந்து படிக்கலாம், மாணவர் வந்து படிக்கலாம், முறையிட்டவரின் அண்டை வீட்டார்கூட வந்து படிக்கலாம். 1766இலே கிடேனியஸ் திறந்துவிட்ட கதவின் வழியேதான் ஆம்புட்ஸ்மனின் சொல்லுக்கு வலிமை வருகிறது. திறந்த ஏடு இல்லையேல் ஆம்புட்ஸ்மன் வெறும் புலம்பல். ஆம்புட்ஸ்மன் இல்லையேல் திறந்த ஏடும் படிப்பாரற்ற காகிதம்.

முறையிடுவோர்க்கு அங்கே எத்துணை எளிய வழி என்று பாருங்கள். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரே முறையிட வேண்டுமென்பதில்லை. அநீதியைக் கண்டவர் எழுதலாம். அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனைகூட இல்லை. வந்தேறியவரும் எழுதலாம், அகதியும் எழுதலாம். சிறையிலிருப்பவர் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதும் கடிதத்தைச் சிறை அதிகாரி பிரித்துப் பார்த்தல் கூடாது. இந்தக் கடைசி விதியை வாசகர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கதவுகளெல்லாம் பூட்டிய இடத்திலிருந்து, பூட்டியவனைப் பற்றி, பூட்டியவன் கை வழியாகவே ஒரு கடிதம் போகிறது. அவன் அதைத் தொடலாம், பிரிக்கலாகாது! ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்க மாளிகைகளின் உயரத்தைவிட, அந்தக் கடித உறையின் ஒட்டு நல்ல அளவுகோல் என்போம்.

சட்டமே குற்றவாளியானால்?

வெளிநாட்டைப் புகழ்ந்து, உள்நாட்டை இகழ்ந்து, அத்துடன் அமர்ந்துவிடுவது நம் நோக்கமன்று. சுவீடனின் விளக்கிலும் கரி உண்டு. அதையும் காட்டுவோம்.

1809இன் 96ஆம் பிரிவு, ஆம்புட்ஸ்மனாகத் தகுதியுள்ள ஆண்மகனையே தேடிற்று. 1921இலே சுவீடன் பெண்கள் நாடு முழுமைக்குமான தேர்தலிலே முதன்முறையாக வாக்களித்தனர், பாராளுமன்றத்திலும் அமர்ந்தனர். ஆயினும், ஆம்புட்ஸ்மனைத் தேர்ந்தெடுக்கலாம், ஆம்புட்ஸ்மன் ஆகலாகாது என்ற நிலையே நீடித்தது. 1941இலேதான் அந்தத் தடை நீங்கிற்று. சட்டத்தின் காவலரை அமர்த்திய சட்டமே, மக்களில் சரிபாதியை வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் நிறுத்தி வைத்தது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 1934இலே அந்நாட்டிலே ஒரு கருத்தடைச் சட்டம் வந்தது. 1941இலே விரிவாக்கப்பட்டது. 1975 வரை நடைமுறையில் இருந்தது. அறிவுத்திறன் குறைந்தவர், ஒழுங்கற்று வாழ்பவர், பிள்ளை வளர்க்கத் தகாதவர் என்றெல்லாம் முத்திரை குத்தி, அவர்கள் கருவுறும் ஆற்றலை அறுத்தெறிய வழி செய்த சட்டம். ஏறத்தாழ 63,000 பேர் அச்சட்டங்களின் கீழ் கருத்தடைக்கு உள்ளானார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். எல்லோரும் வற்புறுத்தப்பட்டவர் என்று கூறமாட்டோம். ஆனால், விடுதியிலிருந்து வெளியேற வேண்டுமானால் ஒப்பமிடு, உதவித்தொகை வேண்டுமானால் ஒப்பமிடு என்ற நெருக்கடியிலே ஒப்பமிட்டவர் பலர். 1999இலே, வற்புறுத்தலுக்கு ஆளானோர்க்கு ஆளுக்கு 1,75,000 குரோனர் இழப்பீடு வழங்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. பிறவியிலேயே தகுதி எழுதப்பட்டிருக்கிறது என்ற நச்சுக் கொள்கை எந்த மொழியிலே பேசப்பட்டாலும் அதன் குணம் ஒன்றே என்பதை, வருணத்தின் பேரால் வதைபட்ட நாம் விளக்கமின்றியே அறிவோம்.

சட்டப்படி நடந்தாயா என்று அதிகாரியைக் கேட்பது நீதி ஆம்புட்ஸ்மனின் பணி. ஆம், சட்டப்படிதான் நடந்தேன் என்று கத்தியோடு நின்ற அதிகாரி கூறும்போது, கேள்வி அங்கே நின்றுவிடுகிறது. சட்டம் சமமாக இல்லையென்றால், சட்டத்தைக் காப்பது சமத்துவத்தைக் காப்பதாகிவிடாது. நீதிக்கு ஒரு காவல் போதாது. சமத்துவத்துக்குத் தனிக்காவல் வேண்டும்.

சமத்துவத்தின் காவலர்

இந்த உண்மை அந்நாட்டாருக்கும் மெல்ல மெல்லப் புலப்பட்டது. அதிகாரியால் மட்டுமா மனிதன் தாழ்த்தப்படுகிறான்? ஆலை முதலாளி தாழ்த்துகிறான். வாடகைக்கு வீடு விடுபவன் தாழ்த்துகிறான். பள்ளிக்கூடமும் கடைவீதியும் தாழ்த்துகின்றன. 1980இலே, வேலையிடங்களில் ஆண் பெண் சமத்துவத்தைக் கண்காணிக்க ஓர் ஆம்புட்ஸ்மன் அமர்த்தப்பட்டார். 1986இலே இனப் பாகுபாட்டை எதிர்க்க ஒருவர். 1994இலே உடல் ஊனமுற்றோர்க்கு ஒருவர். 1999இலே, ஒரே பாலினத்தார்மீது அன்பு கொண்டோரின் உரிமைக்கு ஒருவர். 2009ஆம் ஆண்டு சனவரியிலே இந்த நான்கும் ஒன்றாக இணைந்து, பாகுபாட்டு ஆம்புட்ஸ்மன் என்ற ஒரே நிறுவனமாயின. பால், பாலின அடையாளம், இனம், மதம் அல்லது வேறு கொள்கை, ஊனம், பாலியல் நாட்டம், வயது ஆகிய ஏழின் பேரால் எவரையும் தாழ்த்தலாகாது என்பது சட்டம். பாதிக்கப்பட்டவருக்காக இந்த நிறுவனமே வழக்காடும். தாழ்த்தப்பட்டதாக எண்ணுவதற்கு இடமளிக்கும் நிகழ்ச்சிகளை அவர் காட்டிவிட்டால் போதும். தாழ்த்தவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை எதிரியின் தோளுக்குப் போய்விடும்.

2018ஆம் ஆண்டு தொழில் நீதிமன்றத்திலே ஒரு வழக்கு முடிந்தது. வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்ற முஸ்லிம் பெண் ஒருவர், ஆடவரோடு கைகுலுக்காமல், நெஞ்சிலே கை வைத்து வணங்கினார். தேர்வு அங்கேயே முடிந்துபோயிற்று. பாகுபாட்டு ஆம்புட்ஸ்மன் அவருக்காக வழக்காடி வென்றார். 40,000 குரோனர் இழப்பீடு கிடைத்தது. மதப் பழக்கங்களுக்குப் பல்லக்குத் தூக்குவோரல்லர் நாம். கைகுலுக்கினால் என்ன என்று அந்தப் பெண்ணிடம் வாதாடவும் நாம் தயங்கோம். ஆனால், வாதாடுவது வேறு, வயிற்றில் அடிப்பது வேறு. பகுத்தறிவு மேடையிலே வெல்ல வேண்டும். வேலைவாய்ப்பைப் பறித்து அன்று.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நீதி ஆம்புட்ஸ்மனைத் தேர்ந்தெடுப்பது பாராளுமன்றம். பாகுபாட்டு ஆம்புட்ஸ்மனை அமர்த்துவதோ அரசாங்கம். 1713இன் பழைய கேள்வி 2009இலும் விடாமல் தொடர்ந்தது: யாருக்குப் பதிலாள்? சமத்துவத்தின் காவலரை, நீதியின் காவலரைவிட ஒரு படி தாழ்த்தி அமர வைத்தது ஏன் என்று நாம் கேட்பது நியாயமே.

விதை பரவியது

நூறாண்டுக்கு மேல் இந்தப் பதவி சுவீடன் எல்லையைத் தாண்டவில்லை. முதலில் அதை ஏற்ற நாடு எது தெரியுமா? பின்லாந்து! எந்த நாட்டை இழந்த துயரிலே 1809 அரசியல் சட்டம் பிறந்ததோ, அதே நாடு, ரஷ்யப் பிடியிலிருந்து விடுபட்டு, 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலே இப்பதவியை எழுதிக்கொண்டது, 1920இலே செயற்படுத்தியது. ஆட்சி பிரிந்தது, அறம் பிரியவில்லை.

டென்மார்க் 1953இலே அரசியல் சட்டத்தில் இடம் தந்து, 1955இலே சட்டப் பேராசிரியர் ஸ்டீபன் ஹூர்விட்சை அமர்த்தியது. அமைச்சர்களையும் அவர் கண்காணிப்புக்கு உட்படுத்தியது. 1962இலே நார்வேயும் நியூசிலாந்தும் பின்பற்றின. நியூசிலாந்தின் முதல் ஆம்புட்ஸ்மன் சர் கை பவுல்ஸ், அதற்குச் சற்று முன்புவரை தில்லியிலே தம் நாட்டின் தூதராக இருந்தவர். 1967இலே பிரிட்டனும் ஏற்றது. ஆனால், குடிமகன் நேரே போகலாகாது, பாராளுமன்ற உறுப்பினர் வழியேதான் போகலாம் என்று இடையிலே ஒரு வாயிற்காப்போனை நிறுத்தியது. ஒற்றைக் கட்சி ஆட்சி நடந்த தான்சானியா 1966இலே விசாரணைக் குழு ஒன்றை ஏற்படுத்தியது. அமர்த்துபவர் குடியரசுத் தலைவர். அறிக்கை போவதும் அவருக்கே. ஆராய்ச்சி மணி மறுபடியும் அரண்மனை வாயிலுக்கே போயிற்று!

இங்கே நடந்தது

இந்தியாவிலே இப்பேச்சு எழாமல் இல்லை. 1963இலே, பாராளுமன்ற உறுப்பினர் எல். எம். சிங்வி, இத்தகைய பதவிக்கு லோக்பால் என்ற பெயரை மொழிந்தார். 1966இலே நிர்வாகச் சீர்திருத்தக் குழு, மத்தியிலே லோக்பாலும் மாநிலங்களிலே லோக்ஆயுக்தாவும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1968இலே மசோதா வந்தது. 1969இலே மக்களவையிலே நிறைவேறிற்று. மாநிலங்களவையிலே நிறைவேறுமுன் மக்களவை கலைக்கப்பட்டது, மசோதா மாண்டது. அதன்பின் 1971, 1977, 1985, 1989, 1996, 1998, 2001 என மசோதாக்கள் வந்த வண்ணம் இருந்தன, வீழ்ந்த வண்ணம் இருந்தன. கட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினர், மசோதாவின் விதி மட்டும் மாறவில்லை. 2011இன் கிளர்ச்சிக்குப் பிறகு, 2013இலே சட்டம் நிறைவேறி, 2014 சனவரியிலே நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் பெற்ற எதிர்க்கட்சித் தலைவர் மக்களவையில் இல்லை என்ற காரணம் காட்டி, மேலும் ஐந்தாண்டுகள் ஓட்டப்பட்டன. 2019 மார்ச்சுத் திங்களிலேதான் முதல் லோக்பால் தலைவர் பதவியேற்றார். பரிந்துரைக்கும் பதவியேற்புக்கும் இடையே 53 ஆண்டுகள்! 1809இலே சில வாரங்களில் சுவீடன் வரைந்து முடித்ததை நினைவூட்டிக்கொள்க.

காலம் போனது மட்டுமன்று, பொருளும் போயிற்று. குடிமகனின் குறைகளையும் லோக்பால் கேட்க வேண்டும் என்பது 1966இன் எண்ணம். ஓய்வூதியம் வராத முதியவர், பட்டா கிடைக்காத உழவர், சாதிச் சான்றுக்கு அலையும் மாணவர் ஆகியோரின் குறை அது. 2013 சட்டத்திலோ ஊழல் குற்றம் மட்டுமே இடம்பெற்றது. கையூட்டு வாங்கியவனைப் பற்றி முறையிடலாம். வாங்காமலேயே வாட்டுபவனைப் பற்றி அங்கே முறையிட முடியாது. பொய்ப் புகார் என்று தீர்ந்தால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கயிற்றைத் தொடுபவன் கையை முதலில் எச்சரித்துவிட்டுப் பிறகு மணியைக் காட்டுகிறார்கள். தேர்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்பவர் பிரதமர். கண்காணிக்கப்பட வேண்டிய துரைத்தனத்தின் தலைவரே, கண்காணிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் அவைக்குத் தலைவர்!

தமிழ்நாட்டிலே லோக்ஆயுக்தாச் சட்டம் 2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலே நிறைவேறிற்று. மராட்டிய மாநிலம் 1971இலேயே செய்ததை, 47 ஆண்டு கழித்துச் செய்தோம். பெருமைக்குரிய செய்தியும் ஒன்றுண்டு. தகவல் பெறும் உரிமைக்கு, இந்தியச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, 1997இலே, எல்லா மாநிலங்களுக்கும் முன்னதாகச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. விலக்குகள் மிகுந்த சட்டம்தான். எனினும் கிடேனியஸ் திறந்த கதவை இந்தியாவிலே முதலில் தட்டிய கை தமிழ்க் கை. தட்டியவர்க்கு, முழுவதும் திறக்கும் கடமையும் உண்டு.

சமத்துவக் காவலும் இங்கே இல்லாமல் இல்லை. தாழ்த்தப்பட்டோர்க்கென அரசியல் சட்டத்தின் கீழ் ஆணையம் இருக்கிறது. அழைப்பாணை அனுப்பும், விசாரிக்கும், பரிந்துரைக்கும். பரிந்துரைத்தபின்? ஏற்பதும் ஏற்காததும் துரைத்தனத்தின் விருப்பம். உறுப்பினரை அமர்த்துவதும் துரைத்தனமே. இரட்டைக் குவளையைக் கண்டவர் புகார் எழுதலாம். அவருக்காக நீதிமன்றத்திலே நின்று, தாழ்த்தவில்லை என்று நீ மெய்ப்பி என எதிரியை நோக்கிக் கேட்கும் நிறுவனம் இன்னும் பிறக்கவில்லை.

பெயர்ப்பலகையால் நீதி பிறக்காது. ஆணையம் என்போம், குழு என்போம், வடமொழியிலே பெயர் சூட்டி வாயிலிலே தொங்கவிடுவோம்; அத்தனைக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே. அமர்த்துபவர் யார்? ஏடுகள் திறந்திருக்கின்றனவா? அடிமட்டத்திலே கிடப்பவன், இடையிலே எவர் தயவுமின்றி, அஞ்சாமல் எழுத முடியுமா? மூன்றுக்கும் நேரிய விடை கிடைக்கும் இடத்திலே மக்கள் வைத்த காவல் இருக்கிறது. கிடைக்காத இடத்திலே இருப்பது, மன்னன் போன பின்னும் கழற்றப்படாமல் தொங்கும் அரண்மனை மணி.

குடியரசிலே குடிமகன் ஏந்தி நிற்க வேண்டியது மனுவன்று, உரிமை. மணி இனி அவன் தெருவிலே தொங்கட்டும். கயிறு அவன் கைக்கு எட்டட்டும். ஒலி கேட்டால் ஓடிவர வேண்டியவர், அவன் அனுப்பிய ஆளாக இருக்கட்டும்!